தாளத்துக்கு இரண்டு மார்க்

மகள் தேஜஸ்ரீ பரதநாட்டிய வகுப்பிலிருந்து கொண்டுவந்த அறிக்கையில் மார்க்கைப் பார்த்ததும் தணிகாசலம் அந்த அறிக்கை அட்டையோடு பைக்கை எடுத்துக்கொண்டு நேரே டீச்சரிடம் போனார்.

"இன்னா டீச்சர், தாளத்துக்குப் பத்துக்கு ரெண்டா? ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கோயில்ல எம்பொண்ணு ஆடப்போறான்னு ஆர்.கே.பேட்டை வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன்!"

"தாளம் நிக்கலீங்க. மெதுவா ஆரம்பிச்சு, போகப்போக ஓட்டமா ஓடுது. கவனம் வேற எங்கியோ இருக்குது," என்றார் புஷ்பலதா டீச்சர்.

"சான்ஸே இல்ல. தினம் பக்கத்துலயே குந்திகினு தாளத்துக்குத் தட்டுக்கழி தட்டறதே நான்தான்!"

"ஆங், தேஜு அனுப்பின வீடியோல பார்த்தேன்."

டீச்சர் செல்போனை நீட்டினார். தேஜஸ்ரீ ஓர் அடிகூடத் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தணிகாசலம் டிவியில் கிரிக்கெட் பார்த்தபடி, கழியைக் கண்டபடி தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க தட்டறதைக் காதுல வாங்காமலே ஆடக் கத்துகினா. அவளுக்குப் பத்துக்குப் பத்து. அவ அறிக்கை அவ பையில இருக்குது. இதுல பேரைப் படிச்சீங்களா?"

தணிகாசலம் அட்டையைத் திருப்பினார். 'வீட்டுப் பயிற்சி: பெற்றோர் அறிக்கை. பெயர்: தணிகாசலம்' என்றிருந்தது.

அட்டையை மடித்துச் சட்டைப்பையில் செருகினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கிருத்திகைக்குள்ள நான் தேறிடுவேனா டீச்சர்?"