இடுப்புக் கொக்கி

"அது பாப்பாவோட தட்டு."

மனைவி சொன்னதைக் கணக்கு வாத்தியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூப்போட்ட அந்தச் சின்னத் தட்டில் பாதிக்குக் காய்கறி, மீதிப் பாதியில் மற்றதெல்லாம் என்று எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"டாக்டர் சொல்லியிருக்கார். தட்டு சின்னதானா வயிறும் சின்னதாகும்."

"அப்போ ஸ்பூன்ல வெச்சு சாப்பிடுங்க. ஆளே காணாமப் போயிடலாம்!"

மகள் சிரித்ததில் தண்ணீர் புரை ஏறிவிட்டது.

வாத்தியாருக்கு நாற்பத்தாறு வயது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றிருந்தது.

"பட்டினி எல்லாம் வேண்டாம்" என்றிருந்தார் டாக்டர். "மாசம் ஒரு கிலோ குறைஞ்சா போதும். அளவா சாப்பிடுங்க, தினமும் நடங்க. ஆனா நடுவுல நிறுத்தக் கூடாது. ஆறு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் எடை மெஷின் பக்கமே போகாதீங்க. பேன்ட் சொல்லும்."

நிறுத்தக் கூடாது என்பதில்தான் சிக்கல். வாத்தியார் இதற்கு முன் நாலு தடவை ஆரம்பித்திருக்கிறார். வெறும் ஜூஸ், பதினோரு நாள். ஜிம், மூன்று வாரம். மற்ற இரண்டும் வெளியே சொல்லும்படி இல்லை.

இந்தத் தடவை பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனார். மாடி வகுப்புக்கு லிஃப்ட் கிடையாது என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டார். ஆசிரியர் அறையில் பிஸ்கட் தட்டு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் தள்ளிவிட்டார்.

வீட்டில்தான் ஒரு நல்ல வார்த்தை இல்லை.

"நடந்து நடந்து என்ன தேஞ்சது? தெருதான் தேஞ்சது."

பக்கத்து வீட்டு அக்காவுக்கே பொறுக்கவில்லை. "ஏம்மா, மனுஷன் பாவம், வேர்க்க விறுவிறுக்க நடக்கிறார். கட்டினவரை இப்படியா மட்டம் தட்டுறது?"

"நீங்க வேற அக்கா. இவரைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

ஆறு வாரம் ஆனது. பேன்ட் எதுவும் சொல்லவில்லை.

தினமும் காலையில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இடுப்புக் கொக்கியை மாட்ட வேண்டியிருந்தது. மாட்டிய பிறகு மூச்சு விடப் பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாத்தியார் நடை ஷூவைக் கழற்றி மூலையில் வீசினார்.

"போதும். எனக்கு இதெல்லாம் ஒத்து வராது. நாளையிலிருந்து நிறுத்தப் போறேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நிறுத்துங்களேன். ஷூ புதுசாத்தானே இருக்கு, என் தம்பிக்குக் கொடுத்துடறேன்."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளோடு பேசவில்லை. நடக்கவும் இல்லை. பெரிய தட்டில் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை பேன்ட்டை மாட்டினார். வழக்கம் போல மூச்சை இழுத்தார். கொக்கி தானாகப் போய் உட்கார்ந்தது. மூச்சை விட்டுப் பார்த்தார். அப்படியே இருந்தது. அடுத்த பேன்ட்டை மாட்டினார். அதற்கடுத்ததையும்.

"ஏய், இங்க வா! இளைச்சிருக்கேன்! விரல் போகுது பாரு!"

மனைவி கதவருகில் வந்து நின்று பார்த்தாள்.

"துவைச்சுத் துவைச்சுத் துணி தொளதொளன்னு ஆகியிருக்கும்."

"மூணு பேன்ட்டுமா?"

"மூணையும் நான்தானே துவைக்கிறேன்."

அவள் வாயை அடைக்க வேண்டும் என்றே வாத்தியார் அன்று பள்ளிக்கு நடந்து போனார். மறுநாளும் போனார். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு போனார். நடக்காத நாளில் கால் தானாகத் துறுதுறுத்தது. பாப்பாவின் தட்டு வாத்தியார் தட்டு ஆகிவிட்டது. பாப்பாவுக்கு வேறு வாங்கினார்கள்.

ஆறு மாத முடிவில் டாக்டர் மெஷினில் ஏற்றிப் பார்த்தார். ஏழு கிலோ குறைந்திருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டை விட்டு நன்றாகவே பின்வாங்கியிருந்தது.

"வீட்டுல நல்ல ஒத்துழைப்பு போல?"

"ஒத்துழைப்பா? ஒரு நாள் வந்து காது கொடுத்துக் கேளுங்க டாக்டர்!"

வீட்டில் போய் ஏழு கிலோ என்றார்.

"மெஷினைப் பழுது பார்க்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

மறுநாள் மூன்று பேன்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு வாத்தியார் தையற்கடைக்குப் போனார்.

"இடுப்புல மூணு விரல் பிடிக்கணும். அத்தனையும் நான் நடந்து இளைச்சது. வீட்டுல ஒரு ஆள் நம்பலை, தெரியுமா?"

தையற்காரர் பேன்ட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நீங்க இளைச்சது ரெண்டு விரல்தான் சார்."

"என்ன சொல்றீங்க?"

"பழைய தையல் தடம் தெரியுது பாருங்க. ஒரு விரல் நான்தான் பிரிச்சு விட்டேன். நாலரை மாசம் இருக்கும், ஒரு சனிக்கிழமை உங்க வீட்டம்மா மூணையும் தூக்கிட்டு வந்தாங்க. திங்கட்கிழமை காலையில நீங்க போட்டாகணும், ஆனா உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னாங்க. இப்ப சொன்னா தப்பில்லைன்னு நினைக்கிறேன்."

வாத்தியார் குனிந்து அந்தத் தையல் தடத்தைப் பார்த்தார்.

"நான்கூட, சார் இன்னும் குண்டாயிட்டாரா அம்மான்னு கேட்டேன்."

"அதுக்கு... அதுக்கு அவ என்ன சொன்னா?"

தையற்காரர் தையலைப் பிரிக்கக் கத்தரியை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"'இல்லைங்க, இளைக்கத்தான் போறார். இந்த ஒரு வாரம் மட்டும் மனசு விட்டுடாம இருந்துட்டார்னா போதும்'னு சொன்னாங்க சார்."