கோணல் கிராப்பு

“இன்னாங்க இது கோலம்? நம்ம பொண்ணு நவ்ரீனைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துகினு கீறாங்க. இப்பப் போய் நீங்களே முடி வெட்டிக்கினீங்களே!”

ஜன்னத் கணவரின் கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். சௌக்கத் அலி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்.

“சிரிப்பு வேற! இடது பக்கம் நல்லாத்தானே கீது? வலது பக்கம் மட்டும் இன்னாத்துக்கு எலி கடிச்ச மாதிரி கீது?”

“இடது பக்கம் இடது கையால வெட்டுனேன். வலது பக்கம் வலது கையால.”

ஜன்னத் அவருடைய வலது கையைப் பார்த்தாள். போன ரம்ஜானில் பக்கவாதம் வந்ததிலிருந்து தொங்கிக் கிடந்த கை அது. சட்டைப் பட்டன்கூட அவள்தான் போட்டுவிடுவாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

“யா அல்லாஹ்!” கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை அவருடைய வலது கையிலேயே கொடுத்தாள்.

“அவங்க கொஞ்சம் நிக்கட்டும். இன்னொரு வாட்டி வெட்டுங்க, நான் பார்க்கணும்.”