ஆயில் என்ன நிறம்?

பாய்மரப் படகின் இன்ஜின் அறைக்குள் தலையை நுழைத்தபடி அவன் போன் செய்தான். கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் மூன்று மாதமான மனைவி கடைசி மணியில் எடுத்தாள். அவள் டீசல் மெக்கானிக்.

"என்ன?"

"படகுக்கு ஆயில் மாத்தணும். எப்படின்னு சொல்லேன்."

"பன்னெண்டு வருஷம் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தீங்களே, மண்டையில ஒண்ணும் ஏறலையா? முதல்ல பத்து நிமிஷம் இன்ஜினை ஓட்டிச் சூடாக்குங்க."

"ஓட்டிட்டேன்."

"அளவுக்கம்பியை உருவிட்டு, அந்த ஓட்டையில பம்புக் குழாயை விடுங்க. பழைய ஆயிலை உறிஞ்சி டப்பாவுல எடுங்க."

"வருது."

"கறுப்பா இருக்கா?"

"கன்னங்கரேல்னு இருக்கு."

"தண்ணி கலந்திருந்தா வெளுத்துப் போயிருக்கும். உங்க கண்ணை நம்ப முடியாது, வீடியோவுல காட்டுங்க."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்..."

"காட்டுங்கன்னா காட்டுங்க."

வேறு வழியில்லாமல் காட்டினான். டப்பாவில் ஆயில் தேன் நிறத்தில் பளபளத்தது.

"டீசல் இன்ஜின் நாலஞ்சு மணி நேரம் ஓடினாலே ஆயில் கறுத்துடும். இது எப்ப மாத்தினது?"

"நேத்து."

"யாரு மாத்தினா?"

"நான்தான். முந்தாநாளும் நான்தான்."

"அப்புறம் எதுக்கு என் உயிரை வாங்குறீங்க?"

"வேற எதுக்குக் கூப்பிட்டாலும் நீ கட் பண்ணிடுறியே."



"டப்பா சுத்தமா இருந்தா அந்த ஆயிலையே திருப்பி ஊத்துங்க. டீசல் ஃபில்டர் மாத்தி ரொம்ப நாளாச்சு. அதையெல்லாம் போன்ல சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை வரேன். அதுவரைக்கும் வேற எதையும் தொட்டுடாதீங்க."