இடம் மாறிய தேதி

டீம் லீடர் பதவி புதிதாகச் சேர்ந்தவளுக்குப் போய்விடுமோ என்று சீனியருக்கு வயிறெரிந்தது. புதியவள் கவனித்துவந்த பைத்தான் புரோகிராமைச் சீனியர் சோதித்தாள். தேதியை டேட்டாபேஸுக்கான எஸ்.க்யூ.எல். கட்டளையாக மாற்றும் வரியில் நாளும் மாதமும் இடம் மாறின. மாட்டினாள்!

மேனேஜரிடம் ஓடினாள். “சார், உங்க கெட்டிக்காரி லட்சணத்தைப் பாருங்க, தேதியே தப்பு!”

“காலையிலயே அவ காட்டிட்டாம்மா.”

“ஓ, மன்னிப்பு கேட்டாளாக்கும்!”

“இல்ல. அந்த வரி ரெண்டு வருஷம் முன்னால நீ எழுதினது. ‘அக்கா பேரை வெளிய சொல்லாதீங்க, நானே சரிபண்ணிடறேன்’னு கெஞ்சினா.”

சீனியர் மெல்லப் புதியவளின் மேஜைக்கு வந்தாள்.

“என்னக்கா, முகமே வாடிக் கிடக்கு?”

“கொஞ்சம் தள்ளி உட்காரும்மா,” என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி. “அந்தத் தேதித் தப்பு நான் பண்ணினது. நானே சரிபண்றேன்.”