கயிறு பிடித்தவர்

கயிற்றின் மேல்முனையைச் சந்தனத்தின் கையில் கொடுத்தார் எட்வர்ட் சார்.

மச்சானே பக்கத்தில் இருக்கும்போது வேறு ஆளைத் தேடுவானேன் என்று அவரே சொல்லி அவரே சிரித்தும்கொண்டார்.

கூட நின்ற மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சார் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு பனை உயரம் கீழே, கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு சவேரியார் நின்றிருந்தார். இந்தச் செங்குத்துப் பாறையில் அவர் ஒருவர் ஏறவேண்டியதுதான் பாக்கி. அதற்குமேல் பிரான்மலையின் உச்சி.

சாரைத் தவிர ஐந்து பேரும் தங்கச்சிமடத்துக்காரர்கள், சங்கு குளிக்கிறவர்கள். மலையை அதற்குமுன் படத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

ராமநாதபுரத்தில் கண் தெரியாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் கூரையைப் புயல் கொண்டுபோய்விட்டது. கடலுக்கடியில் போகிறவர்கள் மலைமேல் ஏறுகிறார்கள் என்று நோட்டீஸ் அடித்தால் நன்கொடை சேரும் என்பது மதுரையிலிருந்து வந்த எட்வர்ட் சாரின் யோசனை. பட்டாளத்தில் இருந்தவர், கயிறு கட்டி மலையேறத் தெரிந்தவர். நன்கொடைக்கு ஆள் சேரத்தான் செய்தது. வேடிக்கை என்றால் நம் ஜனங்களுக்குக் கை தாராளம்.

ஆனால் ஐந்து பேரும் உச்சியில் ஏறி நின்றால்தான் தருவோம் என்று வியாபாரிகள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சவேரியாரின் மகள் லூர்து மேரி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். அம்மை வார்த்துக் கண் போன பிள்ளை. மழை வருவதற்குள் அவள் தலைக்குமேல் ஒரு கூரை வேண்டும். அவர் பெயர் கொடுத்தது அதற்காக. சந்தனம் பெயர் கொடுத்ததும் மருமகளுக்காகத்தான்.

லாரியில் வரும்போது இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சான் மாப்பிள்ளை மரியாதை என்று சார் எடுத்துக்கொண்டார்.

சாருக்குக் கடல்புறத்து வழக்கம் ஒன்று தெரியும். தெரியும் என்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சங்குக்கு முங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் நிற்கிற யாரும் பிடித்துவிட முடியாது. பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்கவேண்டும். சொந்த அண்ணன் தம்பிகூடச் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விடலாம். மச்சான் விடமாட்டான். கயிற்றில் தொங்குவது அவன் கூடப்பிறந்தவளின் தாலி.

அதனால்தான், மூவரில் ஒருவர் கயிற்றின் வாலைப் பிடிக்க வந்தபோது சார் தடுத்துவிட்டார். வள்ளத்தில் ஒரு ஆள்தானே பிடிப்பீர்கள், இங்கேயும் அப்படியே இருக்கட்டும் என்றார். சந்தனம் கயிற்றை இரண்டு உள்ளங்கையிலும் வாங்கி, பாறை விளிம்பில் குதிகாலை ஊன்றி உட்கார்ந்தார்.

கீழிருந்து சவேரியார் நிமிர்ந்து பார்த்தார். கயிறு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார்.

சிலுவை போட்டுக்கொண்டு பாறையில் கால் வைத்தார்.

பாதி உயரம் வரை நன்றாகத்தான் ஏறினார். அங்கே அவர் பிடித்த கல் கையோடு பெயர்ந்து வந்துவிட்டது.

ஆள் பாறையை விட்டு விலகி அந்தரத்தில் விழுந்தார். சந்தனத்தின் கைக்குள் கயிறு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

சவேரியார் சத்தம் போடவில்லை. தண்ணீருக்கடியில் யார் சத்தம் போடுவார்கள்? மூச்சு முட்டும்போது கடலுக்குள்ளிருந்து செய்வதையே செய்தார். மேலே இழுக்கச் சொல்லிக் கயிற்றை ஒருமுறை சுண்டினார்.

ஓடிய கயிறு நின்றது.

பிறகு சந்தனம் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். வள்ளத்தில் நின்று இழுக்கிற அதே வேகம், அதே அளவு. மூவரும் ஓடிவந்து கை கொடுப்பதற்குள் சவேரியாரின் தலை விளிம்புக்குமேல் வந்துவிட்டது.

சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தத் தாலிக்குத்தான் எவ்வளவு உறுதி என்றார். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அந்த அம்மாளைப் பார்த்து விஷயத்தைச் சொல்லவேண்டும் என்றார்.

மூவரில் மூத்தவர் சாரைத் தனியே அழைத்துப்போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

பிள்ளைக்குக் கண்ணை எடுத்த அதே அம்மைதான் அவள் தாய், சந்தனத்தின் கூடப்பிறந்த ஜெபமாலையையும் கொண்டுபோனது. மூன்று வருஷம் ஆகிறது. சங்குக் காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் இருந்தவர்களுக்கு, அவளுக்கு முடியவில்லை என்று ஆள் வந்து சொல்லியிருக்கிறான். உடனே கிளம்பலாம் என்று சந்தனம் கெஞ்சினார். இன்னும் ரெண்டு நாள் முங்கிவிட்டுப் போவோம் என்றார் சவேரியார். வந்து பார்த்தபோது கல்லறையில் மண் ஈரமாக இருந்தது. இனி உன் கயிறு என் கைக்கு வந்தால் விட்டுவிடுவேன் என்று அந்த மண்ணைத் தொட்டுச் சந்தனம் சொன்னதை ஊரே கேட்டது. அன்றிலிருந்து சவேரியார் கடலில் முங்கவில்லை.

சார் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் சவேரியார் இடுப்புக் கயிற்றை அவிழ்க்காமல் சந்தனத்தின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. தலைத்துண்டைக் கிழித்து ஒன்றைச் சுற்றிக் கட்டினார். மற்றதையும் கட்டினார்.

"விட்டுருவீகன்னு தெரிஞ்சுதான் ஏறுனேன் மச்சான்."

சந்தனம் கிழக்கே பார்த்தார். அங்கிருந்து கடல் தெரியாது.

"விட்டுட்டேன் மாப்ள. நீங்க கயித்தச் சுண்டிட்டீக."