ஜட்ஜ் பாராட்டிய கட்டடம்

“இதுக்குப் பேர் மணிக்கூண்டா? தீப்பெட்டியை நட்டு வெச்ச மாதிரி இருக்கு” என்றார் ஜட்ஜ்.

ஜட்ஜ் என்பது பட்டப்பெயர். மனிதர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செங்கல்லுக்கும் அவருக்கும் இருந்த ஒரே உறவு, வீடு கட்டுகிறவர்களுக்குக் கடன் கொடுத்ததுதான். ஆனாலும் ஒரு கட்டடத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

வாரக் கடைசியில் ஊர் சுற்ற வந்த மூன்று நண்பர்களில் பேசுவது அவர் வேலை. எங்கே உட்காரலாம் என்று தேடுவது பல் டாக்டரின் வேலை. மூன்றாமவரான ஆர்க்கிடெக்ட், கேட்டுக்கொள்வதற்கென்றே வந்தவர்.

காலையிலிருந்து ஜட்ஜிடம் எதுவும் தப்பவில்லை. அரண்மனையா? “வாசல் ஜாஸ்தி, வசதி கம்மி.” மியூசியத்தின் குவிமாடமா? “அண்டாவைக் கவிழ்த்து வெச்சுட்டான்.” ஆற்றுப் பாலம் மட்டும் பிழைத்தது, அதைக் கடக்கும்போது அவர் தும்மிக்கொண்டிருந்தார்.

“நீ ஏன்டா வாயே திறக்க மாட்டேங்கறே? உன் தொழில்தானே இது?” என்று டாக்டர் ஆர்க்கிடெக்டைக் கேட்டார்.

“அவன் எப்படிப் பேசுவான்? என் வீட்டுச் சமையலறைக்கு அவன் ஜன்னல் வெச்ச லட்சணம்தான் தெரியுமே” என்றார் ஜட்ஜ்.

ஆர்க்கிடெக்ட் சிரித்து வைத்தார். கல்லூரி நாளிலிருந்து பழக்கம். தன் வேலையைப் பற்றி அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை. கம்பெனியில் வரைந்ததெல்லாம் முதலாளி பெயரில் போய்விட்டது. நாலைந்து வீடுகளை விட்டால், தன் பெயரில் அவர் கட்டிய ஒரே கட்டடம் இந்த ஊரில்தான் இருந்தது. அதைப் பற்றி இவர்களிடம் மூச்சு விடவில்லை. காட்டவும் ஆசை; ஜட்ஜ் ஏடாகூடமாக ஏதாவது சொல்லிவிட்டால் தாங்க மாட்டோம் என்று பயமும்.

மதியத்துக்கு மேல் ஜட்ஜே முன்னால் நடந்து ஒரு தெருவுக்குள் திரும்பினார். ஆர்க்கிடெக்ட் இரண்டடி பின்தங்கினார். அந்தத் தெருவேதான்.

“போதும்டா, காலு விட்டுப் போச்சு” என்று டாக்டர் அங்கிருந்த நூலகப் படிக்கட்டில் சாய்ந்துவிட்டார். மற்ற இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, தூணும் கண்ணாடியுமாக வானத்தை முட்டிக்கொண்டு நின்றது.

ஜட்ஜ் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுதான்டா கட்டடம்” என்றார் ஜட்ஜ்.

டாக்டர் ஒரு கண்ணைத் திறந்தார். “உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“சும்மா இருடா. அந்தத் தூணைப் பாரு, என்ன கம்பீரம். கண்ணாடியில மேகம் போறதைப் பாரு. குத்தம் சொல்ல ஒரு இடம் இல்ல. இதைக் கட்டினவன்...” மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறவரைப் போல நடுவில் ஒரு வரி மறந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “கட்டினவன் சாதாரண ஆள் இல்ல.”

பிறகு, ஆர்க்கிடெக்டின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “உன் வீட்ல தங்கச்சி சொல்லிடுச்சுடா. இந்தத் தெருவுல நீ கட்டினது ஒண்ணு இருக்குன்னு. அதுக்காகத்தான் இந்த ஊருக்கே உங்களை இழுத்துட்டு வந்தேன். பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. இத்தனை வருஷமா உன்னை என்னென்னமோ சொல்லியிருக்கேன். மனசுல வெச்சுக்காதே.”

ஆர்க்கிடெக்ட் எதிரே பார்த்தார். ஜட்ஜைப் பார்த்தார். ஊரையே குறை சொன்ன மனிதருக்கு, ஒரு முறை பாராட்டியதில் காது மடல் சிவந்திருந்தது.

“ரொம்ப தேங்க்ஸ்டா” என்றார். ஜட்ஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சரி சரி, அழுது வைக்காதே. வா, அதும் முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துக்கலாம்” என்று ஜட்ஜ் எழுந்து தெருவைக் கடந்தார்.

டாக்டர் அசையவில்லை. “நீங்க எடுத்துக்குங்கடா. எனக்கு இந்தப் படிக்கட்டை விட்டு எழுந்திரிக்கவே மனசு வரல. வெயிலும் படல, சாஞ்சா முதுகுக்கும் இதமா இருக்கு. யாரு கட்டினானோ, மகராசன், நல்லா இருக்கணும்.”

“நல்லாத்தான்டா இருக்கேன்” என்று முணுமுணுத்தபடி, தன் நூலகத்தின் சுவரை ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டு, ஜட்ஜோடு ஃபோட்டோவுக்கு நிற்க எதிர்ப்பக்கம் நடந்தார் ஆர்க்கிடெக்ட்.