செம்புப் பட்டையில் கோடுகள்

கோவில்பதாகை ஏரிக்கரையில் வெயில் சாய்கிறது. கயிற்றில் கட்டிய காந்தத்தை இழுத்து இரும்பு பொறுக்கும் நாகம்மா, தோண்டியெடுத்த பீரங்கிக் குண்டை மடியில் வைத்துப் புளியால் தேய்க்கிறாள். குண்டுகளைச் சோதிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் குனிந்து அதில் பொறித்த ஆண்டைப் படிக்கிறார்: 1943.

“அவ்ளோ பழசா சார்? அப்ப செத்த குண்டுதான். மூக்கு பித்தளை, கல்லால தட்டுனேன், அரைச் சுத்து கயண்டுக்கிச்சு.”

அடியிலுள்ள செம்புப் பட்டையைச் சுற்றிலும் சாய்வான கோடுகள். பீரங்கியிலிருந்து சுட்டால்தான் அவை விழும். சுட்டிருக்கிறார்கள், வெடிக்கவில்லை; மூக்கிலுள்ள வெடிப்பூட்டிக்கு இனி ஒரு சின்ன அதிர்வு போதும். கீழே வைக்கச் சொன்னால் தரையில் இடிக்கும். ஆள் கூட்டிவர ஓடினால் அவள் எழுந்துவிடுவாள்.

“அசையாதம்மா,” என்கிறார்.

புளிக்கை அப்படியே நிற்கிறது. அவரும் நிற்கிறார்.

“கால் மரத்துப்போவுது சார்.”